இரண்டு ரூபாய் நோட்டு

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். இடம்: வில்லியனூர். தலைப்பு: வாழ்க்கை இனிப்பது இருபதிலா, ஐம்பதிலா? ‘ஐம்பதிலே’ என்ற அணியில் பேசியது.)

அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய நடுவர் அவர்களே! வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் என் வழுக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி இளைஞர்களே! (சிரிப்பு) மூட்டுவலி தைலத்தோடு மேடையேறி இருக்கிற என் அணித் தோழர்களே! வில்லியனூர்ப் பெருமக்களே, தாய்மார்களே! வீட்டில் கரும்பைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தொலைக்காட்சி நேயர்களே!

ஐயா, எனக்கு முன்னால் பேசிய தங்கை ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “ஐம்பது வயசுல இனிப்பு எங்கே இருக்கு தெரியுமா? ரத்தத்துல இருக்கு!” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்னது உண்மை. என் சட்டைப் பையில் இப்போதும் மாத்திரை இருக்கிறது. ஆனால் தங்கச்சி, இனிப்பைத் தின்கிறவனுக்கு அதன் அருமை தெரியாதும்மா. டாக்டர் ‘தொடாதே’ என்று சொன்ன பிறகு ஒரு துண்டு மைசூர்பாகைப் பார்க்கிறான் பாருங்க, அவனைக் கேளுங்க இனிப்பு என்றால் என்ன என்று! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து வந்த தம்பி கொஞ்சம் கோபமாகவே பேசினார். “இளைஞர்கள் முன்னேறும் வேகத்துக்கு இந்த ஐம்பது வயதுக்காரர்கள்தான் முட்டுக்கட்டை” என்றார். தம்பி, இந்த வார்த்தையை வேறு எந்த ஊர் மேடையில் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பீர்கள். வில்லியனூரில் வந்து சொல்லலாமா? திருக்காமீசுவரர் தேர் ஓடுகிற ஊர் இது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுக்கிற வழக்கம் இருக்கிறது. என் இருபதுகளில் பாகூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நானும் இந்த வடத்தைப் பிடித்திருக்கிறேன். எங்கே பிடிப்பேன்? முன்வரிசையில். ஏன்? எல்லாருக்கும் தெரிய வேண்டும் இல்லையா! மாடியில் நிற்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும், முக்கியமாக மாடியில் நிற்கிறவர்களுக்கு! (சிரிப்பு)

அப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் குனிந்தபடியே கூட நடந்து வருவார். கையில் ஒரு கட்டை. தேர் ஒரு பக்கம் சாய்ந்து போனால், அந்தக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகித் திருப்புவார். கரணம் தப்பினால் கை போய்விடும். அவரை நான் ஒரு வருஷமும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஐயா, முட்டுக்கட்டை இல்லாமல் தேர் வீதியில் திரும்புமா? நிலைக்கு வந்து நிற்குமா? வில்லியனூர்க்காரர்களே, நீங்க சொல்லுங்க! (கைதட்டல்)

இருபது என்பது வடம் பிடிக்கிற வயது. ஐம்பது என்பது கட்டை போடுகிற வயது. வடம் பிடிக்கிறவன் கண்ணுக்கு வடம் மட்டும்தான் தெரியும். கட்டை போடுகிறவனுக்குத் தேரே தெரியும்.

எதிரணித் தலைவர் தமிழ் படித்தவர். அதனால் புறநானூற்றையே துணைக்கு அழைத்து வந்தார். இருநூற்று நாற்பத்து மூன்றாம் பாட்டு. அழகாகச் சொன்னார். ஒரு கிழவர் தன் சின்ன வயதை நினைத்துப் புலம்புகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடிய பெண்களோடு கை கோத்துக் குளத்தில் ஆடிய காலம். நீர் மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வாய் பிளக்கத் தொப்பென்று குதித்து, ஆழத்திலிருந்து ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய காலம். அதெல்லாம் எங்கே போயிற்று? இப்போது கையில் தடி, நெஞ்சில் இருமல், இருமலுக்கு நடுவே இரண்டு வார்த்தை. பாட்டு எழுதியவர் பேர் தெரியாமல், அந்தப் பாட்டில் வருகிற சொல்லையே எடுத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“பார்த்தீர்களா, கிழவரே அழுகிறார், இளமைதான் இன்பம்!” என்று முடித்தார். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் குதித்த பையன் ஏன் ஐயா பாட்டு எழுதவில்லை? அவனுக்கு நேரமில்லை! அடுத்த தடவை குதிக்கப் போய்விட்டான்! (சிரிப்பு) குதித்தவனுக்குக் குளம் தெரியவில்லை. நினைத்தவனுக்குத்தான் குளமும் தெரிந்தது, கிளையும் தெரிந்தது, கரையில் நின்று வாய் பிளந்தவர்களும் தெரிந்தார்கள். இளமையின் அருமையைச் சொல்லக்கூட ஒரு கிழவர்தானே வரவேண்டியிருந்தது!

“காதல் இருபதில்தான்” என்றார்கள். நம்ம புதுச்சேரிக் கவிஞர், பாவேந்தர் பாரதிதாசன், குடும்ப விளக்கு எழுதினார். ஐந்து பகுதி. ஐந்தாம் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? முதியோர் காதல்! அதை எழுதும்போது அவருக்கு இருபதா? ஐம்பதைத் தாண்டியவர். இருபது வயதில் எழுத வந்திருக்குமா? (கைதட்டல்)

சரி, வாதம் இருக்கட்டும். ஊர்க்கதையை விட்டு என் கதைக்கு வருகிறேன். என் இருபது எப்படி இருந்தது என்று நானே சாட்சி சொல்கிறேன்.

நான் பாகூர்ப் பக்கத்துக்காரன். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய மண். ஏரி நிறைந்தால் எங்கள் வீட்டில் சிரிப்பு நிறையும். ஏரி காய்ந்தால் அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். இரண்டு மாடு. நான் அந்த வீட்டில் முதல் பட்டதாரி. 1992-ல் தமிழ் எம்.ஏ. முடித்தேன். நான் தமிழ் படித்ததில் அப்பாவுக்குப் பெருமை. ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம். “தமிழ்தான் நமக்கே தெரியுமே, அதுக்கு எதுக்குப்பா காலேஜ்?” (சிரிப்பு)

நாலு வருஷம் வேலை இல்லை. 1992-லிருந்து 1996 வரை. அந்த நாலு வருஷத்தின் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. காலையில் எழுந்து, தேய்த்து வைத்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்தால் புதுச்சேரி இருபது கிலோமீட்டர் பக்கம். வேலைவாய்ப்பு அலுவலகம் போவேன். அங்கே கார்டைப் புதுப்பிக்கிற வரிசையில் என்னைப் போல நூறு பேர் நிற்பார்கள். டைப்ரைட்டிங் லோயர் படித்தேன், ஹையர் படித்தேன். மத்தியானம் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து எல்லாப் பேப்பரிலும் ‘தேவை’ என்ற பக்கத்தை மட்டும் படிப்பேன். உலகத்துக்கு என்னென்னவோ தேவைப்பட்டது. நான் மட்டும் தேவைப்படவில்லை. சாயங்காலம் வந்து நண்பர்களோடு ஏரிக்கரை மதகில் உட்காருவோம். சிரிப்போம், பாடுவோம். இன்றைக்கு நினைத்தால் இனிக்கிறது. அன்றைக்கு? வீட்டுக்குப் போனால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். அதுதான் உண்மை.

அந்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. ராத்திரி ஆணியில் மாட்டிய என் சட்டையைக் காலையில் எடுத்தால், பையில் ஒரு ரெண்டு ரூபாய் நோட்டு மடித்து இருக்கும். சில நாள் அதோடு ஒரு ரூபாய்க் காசு. ஒரு நாள் தவறியதில்லை. ஒரு டீ, ஒரு வடை, சைக்கிளுக்குக் காற்று. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. வேலை இல்லாத பிள்ளைக்குக் கை நீட்டுவதைவிடப் பெரிய தண்டனை உண்டா? அம்மாதான் கடுகு டப்பாவிலிருந்து எடுத்து வைக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுமோ என்று பயம்.

அதே சமயத்தில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. எங்கப்பாவுக்குச் சுருட்டுப் பழக்கம். நான்தான் படித்தவன் ஆயிற்றே! “புகையிலை உடம்புக்குக் கெடுதல்” என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். கேட்டுக்கொண்டே சுருட்டை முடித்தார். (சிரிப்பு) ஆனால் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். சாயங்காலம் கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு என்ன பெருமை! “என் பேச்சைக் கேட்டு எங்கப்பாவே திருந்திட்டார்” என்று மதகில் உட்கார்ந்து சொல்லாத நாள் கிடையாது. எனக்குப் பேச்சாளன் என்ற நம்பிக்கை வந்ததே அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய், வேறு ஒருவருக்கு அந்த இடம் போய்விட்டது என்று தெரிந்து திரும்பி வருகிறேன். அப்பா திண்ணையில் இருந்தார். “என்னப்பா ஆச்சு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். “என்னை ஏன் கேக்கற? உன் காசுல நான் ஒரு டீ கூடக் குடிச்சதில்லையேப்பா!” என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சட்டைப் பையில் அதே ரெண்டு ரூபாய் இருந்தது.

1996-ல் வேலை கிடைத்தது. பிறகு டாக்டர் பட்டம், மேடை, மாலை எல்லாம் வந்தது. 2003-ல் அப்பா போய்விட்டார்.

2020. ஊரடங்கு. கல்லூரி இல்லை, பட்டிமன்றம் இல்லை. நடுவர் ஐயாவே வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலம்! (சிரிப்பு) நான் ஊருக்கு வந்து அம்மாவோடு இருந்தேன். அந்த வருஷம்தான் எனக்கு ஐம்பது நிறைந்தது. ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில், “அந்தக் காலத்துல நீ வச்ச ரெண்டு ரூபாய்தாம்மா என்னைக் காப்பாத்துச்சு” என்றேன். அம்மா முழித்தார். “எந்த ரெண்டு ரூபா?” என்றார். சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “நான் எங்கடா வச்சேன்? என்கிட்ட ஏதுடா காசு? அது உங்கப்பா வச்சது. பால் ஊத்தின காசுல அவரு செலவுன்னு எடுத்துக்கறது அது ஒண்ணுதான். சுருட்டையும் டீயையும் விட்டாரே, எதுக்குன்னு நெனச்ச?” என்றார்.

ஐயா, நான் பேச்சாளன். வாய் திறந்தால் மூடத் தெரியாதவன். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றேன். “சொல்லக்கூடாதுன்னாரு. ‘படிச்ச புள்ள, நான் குடுத்தேன்னு தெரிஞ்சா வாங்கமாட்டான். நீ குடுத்ததாவே இருக்கட்டும்’னாரு. நீ அன்னிக்கு அப்படிக் கேட்டப்ப நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திட்டாரு.”

என் பிரசங்கத்தைக் கேட்டு அவர் சுருட்டை விடவில்லை. என் டீக்காக விட்டார். அவர் விட்ட டீயைத்தான் நான் குடித்தேன். குடித்த வாயாலேயே அப்படிச் சொன்னேன். அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள இன்றைக்கு ஆள் இல்லை. (அமைதி)

எங்க ஊர்ப் பெருமை ஒன்று சொல்கிறேன். பாகூர்ச் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூரில் அன்றைக்கு ஒரு வித்யாஸ்தானம், அதாவது பெரிய கல்விச்சாலை இருந்தது. அது நடப்பதற்காக மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்த செய்தியை அந்தச் செப்பேடு சொல்கிறது. எம்.ஏ. படிக்கும்போது மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினேன். மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் ஐம்பது வயதில்தான் புரிந்தது. யாரோ சில பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கு மூன்று ஊர் நெல் விளைவித்திருக்கிறது! உழுதவன் பேர் செப்பேட்டில் இல்லை. படித்தவனுக்கும் அவனைத் தெரிந்திருக்காது. நானும் அப்படித்தான் படித்தேன். எனக்கு எழுதி வைத்த ஊர் எங்கப்பா. (கைதட்டல்)

எதிரணியினர் பாரதியைச் சொன்னார்கள். உண்மைதான். 1908-ல் புதுச்சேரிக்கு வரும்போது அவருக்கு இருபத்தைந்து வயது. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வெளிவந்தது 1912. முப்பதைத் தாண்டாத வயது. ஆனால் அந்தப் பத்து வருஷப் புதுச்சேரி வாழ்க்கையில் வீட்டைச் சுமந்தது யார்? செல்லம்மாவைக் கேட்க வேண்டாமா? பாரதிக்கே சுமக்க ஆள் வேண்டியிருந்தது என்றால் நமக்கு?

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1992-ல் எனக்கு இருபத்திரண்டு. எங்கப்பாவுக்கு? ஐம்பத்திரண்டு! இன்றைக்கு நான் மதகில் உட்கார்ந்து சிரித்ததை நினைத்து இனிக்கிறதே, அந்த இருபதின் இனிப்பை யார் போட்டது? ஓர் ஐம்பது போட்டது!

“சரி, அவர் தியாகம் செய்தார், அதில் அவருக்கு என்ன இனிப்பு?” என்று எதிரணி கேட்கும். நானும் அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். “பாவம்மா அப்பா, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கார்” என்றேன். அம்மா சிரித்தார். “கஷ்டமா? விடிகாலையில பால் கறந்துட்டு வந்து, பூனை மாதிரி நடந்து போயி உன் சட்டையில அதை வப்பாரு பாரு. வச்சிட்டுத் திரும்பி வரும்போது அந்த மூஞ்சியை நீ பாக்கலியே. கல்யாணத்தன்னிக்குக்கூட அவரு அப்படிச் சிரிக்கலடா” என்றார். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

ஐயா, நான் இருபதில் அனுபவித்தது வெறும் டீ. அவர் ஐம்பதில் அனுபவித்ததுதான் இனிமை.

பிசிராந்தையாரைப் பார்த்துக் கேட்டார்களாம். “இவ்வளவு வயதாகிறதே, உமக்கு ஏன் நரைக்கவில்லை?” என்று. புறநானூறு நூற்றுத் தொண்ணூற்றொன்று. அவர் என்ன சொன்னார்? நான் தினமும் நடக்கிறேன், அளவாகச் சாப்பிடுகிறேன் என்றா? தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவி நல்லவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் என் மனம் அறிந்தவர்கள், அரசன் தவறு செய்யாதவன், ஊரில் சான்றோர் இருக்கிறார்கள் என்றார். தன் வாழ்க்கைக்குக் காரணம் கேட்டால் அடுத்தவர்கள் பேரைச் சொல்கிறார்! இருபதில் என்னைக் கேட்டிருந்தால், “நான், என் படிப்பு, என் திறமை” என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு நரைத்துவிட்டது, நரைக்காத இடத்தில் முடியே இல்லை. (சிரிப்பு) ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால் நானும் பேர் சொல்லுவேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிடம் ஐயா!

என் மகனுக்கு இருபத்தைந்து. இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். எங்கெங்கோ விண்ணப்பிக்கிறான், எழுதுகிறான், போகிறான், வருகிறான். போன மாதம் ஒரு நாள் முகம் வாடி வந்தான். “என்னடா ஆச்சு?” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திண்ணையில் இருந்த எங்கப்பா ஞாபகம் வந்தது. “சாப்பிடறியா?” என்று மட்டும் கேட்டேன்.

அப்பா மாதிரியே நாமும் செய்வோம் என்று சட்டைப் பையைத் தேடினேன். அவன் போடுவதெல்லாம் டீ-ஷர்ட். பையே கிடையாது! (சிரிப்பு) சரி என்று போனில் பணம் அனுப்பினேன். அனுப்பிய அடுத்த நொடி அவன் போன் டிங் என்று அடித்து, என் பேர், தொகை, நேரம் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. “எதுக்குப்பா?” என்று வந்து நிற்கிறான்! சொல்லாமல் கொடுக்கிற வித்தை பள்ளிக்கூடம் போகாத எங்கப்பாவுக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய போனுக்குத் தெரியவில்லையே! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். காலையில் நடைப்பயிற்சிக்கு என்று சொல்லி அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டு, நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன். நடைப்பயிற்சிக்கு வண்டியில் போகிற ஒரே பேராசிரியர் நான்தான்! (சிரிப்பு) அவன் வண்டியில் பெட்ரோல் குறைவதே இல்லை. அவங்க அம்மா போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும்.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி நடக்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கம்மா பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

ஐயையோ, இது தொலைக்காட்சியில் வருமே! காமிராக்காரத் தம்பி, இந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். (பெருஞ்சிரிப்பு) இல்லை, வேண்டாம். இருக்கட்டும். எனக்கு ஐம்பதில் தெரிந்தது, அவனுக்கு இருபத்தைந்திலேயே தெரியட்டும். எனக்குச் சொல்லக் கிடைக்காத ஒரு வார்த்தையை அவன் நேரிலேயே சொல்லட்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, உங்கள் சட்டைப் பையில் யார் காசு இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடுங்கள்.

இருபதில் வாழ்க்கை இனிக்கலாம். அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிகிற வயதும், அதை இன்னொருவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டுச் சிரிக்கிற வயதும் ஐம்பதுதான் என்று சொல்லி, நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)